பூசைக்கு வந்த கரடி

நுழையும்முன்

மலையடிவார ஊர்களிலும் தேயிலைத் தோட்டங்களிலும் வாழ்வோர்க்குக் கரடி கதையில் வரும் விலங்கன்று. கதவுக்கு அப்பால் நிற்கும் விலங்கு. அது வீட்டை நாடி வருவதற்கு ஒரு காரணம் உண்டு; மனிதரைத் தாக்குவதற்கு வேறொரு காரணம் உண்டு. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் அச்சமும் விபத்தும் பெருகுகின்றன. அவற்றைப் பிரித்தறிய உதவுகிறது இக்கட்டுரை.

வேண்டாத நேரத்தில் வந்து நிற்பவரைச் ‘சிவபூசையில் கரடி புகுந்தாற்போல’ என்று சொல்வது நம் வழக்கு. மன்னார்குடிக்கும் திருவாரூருக்கும் இடையிலுள்ள கூத்தாநல்லூர் போன்ற வயல்சூழ் ஊரில் பிறந்து வளர்ந்த மாணவர் கரடியைப் பெரும்பாலும் இப்பழமொழி வழியாகவே அறிந்திருப்பார். கண்ணுக்கு எட்டியவரை நெல்வயலும் வாய்க்காலும் தென்னந்தோப்பும் விரிந்த சமவெளி அது. குன்று என்று சொல்ல ஒன்றுமில்லாத அந்த நிலத்தில், பூசையின் நடுவே கரடி எப்படி நுழையும்? இந்த ஐயத்தைத் தீர்க்கச் சிலர் ஒரு விளக்கம் தருவர். பழமொழியிலுள்ள கரடி விலங்கன்று. கரடி கத்துவது போன்ற ஓசை எழுப்பும் கரடிகை என்னும் தோற்கருவியே அது என்பர். பூசை வேளையில் அக்கருவி முழங்கியதைக் குறித்த தொடர், கருவி மறைந்தபின் விலங்கைக் குறிப்பதாக மாறிவிட்டது என்பது அவர்கள் கருத்து.

விளக்கம் சுவையானதுதான். ஆனால், நீலகிரி மக்களிடம் இதைச் சொன்னால் அவர்கள் சிரிக்கக்கூடும். கோத்தகிரி, குன்னூர் வட்டாரங்களில் இரவில் கோவில் கதவை உடைத்து உள்ளே நுழைந்து, விளக்கிலுள்ள எண்ணெயைக் குடித்துவிட்டுப் போவது தோற்கருவி அன்று. நான்கு கால்களும் கரிய சடைமயிரும் கொண்ட கரடியேதான்.

உலகில் எட்டு வகைக் கரடிகள் உள்ளன. அவற்றுள் நான்கு வகை இந்தியாவில் வாழ்கின்றன. இமயமலைச் சாரலில் ஆசியக் கருங்கரடி உண்டு. அதற்கும் மேலே உயர்மலைகளில் பழுப்புக் கரடி உண்டு. வடகிழக்கு மாநிலங்களில் சூரியக் கரடி உண்டு. தமிழகக் காடுகளில் வாழ்வது தேன்கரடி ஒன்றே. மார்பில் வெளிர்நிற வளைகோடும், நீண்ட முகமும், தொங்கும் உதடும், விரல் நீளமுள்ள வளைந்த நகங்களும் அதன் அடையாளங்கள். வளர்ந்த ஆண்கரடி 80 முதல் 145 கிலோகிராம் வரை எடை உடையது. இந்த நகங்களையும், மேல்தாடையின் முன்பற்கள் இரண்டு இல்லாமையையும் கண்டு, ஆங்கிலேய விலங்கியலாளர் ஜார்ஜ் ஷா 1791இல் இதனைத் தென்னமெரிக்காவின் ‘ஸ்லாத்’ என்னும் மந்தநடை விலங்கின் இனமாகக் கருதிப் பெயரிட்டார். பின்னர் இது கரடியினமே என்று தெளிவான பிறகும், ஆங்கிலப் பெயரில் அந்தச் சோம்பல் ஒட்டிக்கொண்டுவிட்டது. உண்மையில் இது சோம்பல் விலங்கன்று. ஓட்டத்தில் மனிதரை எளிதாக வென்றுவிடும்.

அக்காலத்து ஐரோப்பியர்க்கு எட்டாத செய்தியைச் சங்கப் புலவர்கள் அதற்கு நெடுங்காலம் முன்பே பாடிவைத்துள்ளனர். கரடியை எண்கு எனவும் உளியம் எனவும் அவர்கள் குறித்தனர். இரவில் ஈரமான புற்றைத் தன் பெரிய கையால் அகழ்ந்து, உள்ளே இருக்கும் குரும்பியை, அதாவது புற்றாஞ்சோற்றை உண்ணும் கரடியை அகநானூற்றில் காணலாம். இருப்பை மரத்திலிருந்து உதிர்ந்த பூக்களைக் கூட்டமாக மேயும் கரடிகளையும் அந்நூல் காட்டுகிறது. இருப்பை என்பது நாம் இன்று இலுப்பை என வழங்கும் மரமே. மயிலாடுதுறைக்கு அருகே இலுப்பைப்பட்டு என்று ஓர் ஊரே இருப்பதிலிருந்து, சோழநாட்டார்க்கும் அம்மரம் எவ்வளவு நெருக்கமானது என்பது விளங்கும். சங்கப்பாடலில் இடம்பெறும் விலங்குகளை வெறும் அணியாகக் கருதிக் கடந்துவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. புற்றும் பூவும் இருக்குமிடத்தில் கரடி இருக்கும் என்பது இலக்கியச் செய்தி மட்டுமன்று, காட்டுவழி நடப்பவரின் உயிரைக் காக்கும் செய்தியுமாகும். மத்திய இந்தியாவில் இன்றும் இலுப்பைப் பூ உதிரும் வேனிற்காலத்து விடியலில் பூப்பொறுக்கச் செல்லும் பெண்களும், அதே பூவைத் தேடிவரும் கரடியும் மரத்தடியில் எதிர்ப்படுவதால் விபத்துகள் நேர்கின்றன.

கரடி உண்ணும் முறையைச் சற்று விரிவாக அறிவது நல்லது. பின்னே சொல்லப்படும் எல்லாவற்றுக்கும் அதுவே அடிப்படை. புற்றை நகத்தால் உடைத்ததும், கரடி முதலில் மூச்சை வேகமாக வெளிவிட்டு மண்துகளை ஊதி அகற்றும். பிறகு மூக்குத் துளைகளை மூடிக்கொண்டு, உதடுகளைக் குழல்போல் குவித்து, முன்பல் இல்லாத இடைவெளி வழியே கறையான்களை உறிஞ்சி இழுக்கும். இந்த ஓசை நூறு மீட்டருக்கு அப்பாலும் கேட்கும். இப்படி உண்ணும் கரடிக்குத் தன் ஓசையே காதை அடைத்துவிடும். தலையோ புற்றுக்குள் இருக்கும். அதன் பார்வையும் கூர்மையானதன்று. அதன் முதன்மையான புலன் மூக்கு. மண்ணுக்கு அடியிலுள்ள இரையையும் மோப்பத்தால் கண்டுகொள்ளும் அந்த மூக்குக்கு, அடுக்களையில் மூடிவைத்த கடலையெண்ணெய் எம்மாத்திரம்!

வீட்டை நாடி வருவதன் காரணம் இப்போது விளங்கும். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து நீலகிரியின் சோலைகளும் புல்வெளிகளும் பெருமளவில் தேயிலைத் தோட்டங்களாக மாறின. துண்டுதுண்டாக எஞ்சிய சோலைகளுக்கு நடுவே ஊர்களும் லயன் வீடுகளும் பெருகின. தோட்ட ஓரங்களில் அடர்ந்துவிட்ட உண்ணிச்செடி கரடிக்குப் பழமும் தருகிறது, பகலில் படுத்திருக்க மறைவும் தருகிறது. அங்கிருந்து கிளம்பினால் சில நிமிட நடையில் ஓர் ஊர். அங்கே எண்ணெய், பருப்பு, வெல்லம், ரொட்டிக்கடையின் சீனிப்பாகு, சத்துணவுக் கூடத்தின் அரிசி, குப்பைத்தொட்டியின் எச்சில், கொல்லையில் பழுத்த பலா ஆகியவை காத்திருக்கின்றன. நாள் முழுவதும் புற்றுகளைத் தோண்டிப் பெறும் உணவு, ஒரு கதவை உடைத்தால் ஒரே இடத்தில் கிடைக்கிறது. ஒருமுறை சுவை கண்ட கரடி அதே கதவுக்கு மீண்டும் வருகிறது. குட்டிகளும் தாயுடன் வந்து அவ்வழியைக் கற்கின்றன. கரடியின் அட்டகாசம் என்று நாளிதழ்கள் எழுதுகின்றன. அட்டகாசம் என்ற சொல் எனக்கு உடன்பாடன்று. பசித்தவன் மணம் வந்த திசையில் நடப்பதற்கு அப்பெயர் பொருந்தாது.

ஆகவே, வீட்டைக் காக்கும் வேலை மணத்தை அடக்குவதில் தொடங்குகிறது. எண்ணெய், வெல்லம், மாவு, கருவாடு ஆகியவற்றை இறுக மூடும் உலோகக் கலங்களில் வைத்து, வீட்டின் உட்புற அறையில் சேமிக்க வேண்டும். சன்னலோரத்திலும் பின்கட்டுத் தாழ்வாரத்திலும் வைத்தல் ஆகாது. மீந்த உணவை இரவில் வாசலில் கொட்டும் பழக்கத்தை அறவே விடவேண்டும். நாய்க்கும் கோழிக்கும் இடும் தீவனமும் இதில் அடங்கும். பலா, கொய்யா, பேரி, வாழை முதலியவற்றை மரத்திலேயே பழுக்கவிடாமல் முதிர்ந்தவுடன் பறித்துவிடுவது நல்லது. கோவிலாயின், இரவு நடை சாத்தும்போது அகலில் எஞ்சிய எண்ணெயை வடித்து எடுத்துச் செல்லலாம். எண்ணெய்க் குடத்தைக் கருவறையிலேயே விட்டுச்செல்வது கரடியை அழைப்பதற்கு ஒப்பாகும். பள்ளிச் சத்துணவுக் கூடத்துக்கும் இது பொருந்தும். மரக்கதவைக் கரடியின் தோளும் நகமும் எளிதில் வென்றுவிடும் என்பதால், பொருள் வைக்கும் அறைக்கு இரும்புக் கதவும் உறுதியான தாழும் வேண்டும். வீட்டைச் சுற்றிப் பத்துப் பதினைந்து அடிக்காவது புதரை வெட்டி வெளியாக வைத்தால், வாசலில் கால் வைக்கும் முன்னரே அங்கே நிற்பது எது என்று தெரியும். தனியே எட்டத்தில் கட்டப்பட்ட கழிவறைக்கு இரவில் செல்ல நேரும்போதுதான் பலர் கரடியின் எதிரே போய் நிற்கின்றனர். கழிவறையும் விளக்கும் வீட்டோடு சேர்ந்திருப்பது வசதி மட்டுமன்று, பாதுகாப்புமாகும். லயன் வீடுகளில் வாழ்வோர் இதனைத் தாமே செய்துகொள்ள இயலாது. தோட்ட உரிமையாளரும் உள்ளாட்சியும் செய்துதர வேண்டியது அது.

ஒருவர் வீட்டில் மட்டும் இவற்றைச் செய்வதால் பயன் குறைவு. பக்கத்து வீட்டுக் குப்பைக்கு வரும் கரடி நம் வாசலைக் கடந்துதான் வரும். அமெரிக்காவின் யோசமிட்டி தேசியப் பூங்காவில் ஒருகாலத்தில் கருங்கரடிகள் உணவுக்காகச் சுற்றுலாப் பயணிகளின் மகிழுந்துக் கதவுகளையே பிய்த்தெறிந்தன. முகாம்கள்தோறும் கரடி திறக்கவியலாத இரும்புப் பெட்டிகளை நிறுவி, உணவை அவற்றில்தான் வைக்கவேண்டும் என்று எல்லாரையும் கட்டாயப்படுத்திய பிறகு சேதம் பெருமளவு குறைந்தது.

வீட்டுக் கிணற்றையும் இங்கே நினைவுகூர வேண்டும். 2023 ஏப்ரலில் கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டத்திலுள்ள வெள்ளநாடு என்னும் ஊரில், கோழிகளைப் பிடிக்க வந்த கரடி ஒன்று வீட்டுக் கிணற்றில் விழுந்தது. அதனை மீட்க மயக்க ஊசி செலுத்தினர். மயங்கிய கரடி நீரில் மூழ்கி இறந்தது. உயரமான சுற்றுச்சுவரும் கம்பிவலை மூடியும் உள்ள கிணறு, கரடியையும் காக்கும், நம் குடிநீரையும் காக்கும், நம் வீட்டுக் குழந்தையையும் காக்கும்.

இதுவரை சொன்னது உணவு தேடி வரும் கரடியைப் பற்றி. மனிதரைத் தாக்கும் கரடியின் நிலை வேறு. அது மனிதரை உண்பதற்காகத் தாக்குவதில்லை. புற்றுக்குள் தலையை விட்டிருந்த கரடியின் பக்கத்தில், பத்தடி தொலைவில், எவ்வித ஓசையுமின்றி ஒருவர் வந்து நிற்கிறார். தலையைத் தூக்கிய கரடிக்கு ஓடவும் நேரமில்லை, எண்ணவும் நேரமில்லை, பாய்ந்துவிடுகிறது. நெடுங்காலமாகப் புலியோடு ஒரே காட்டில் வாழ்ந்த விலங்கு இது. புலியைக் கண்டு மரமேறினால் புலியும் ஏறும். ஓடினால் புலி பிடித்துவிடும். ஆதலால், எதிர்த்துப் பாய்ந்து பகைவனைத் திகைக்கவைப்பதே இதன் தற்காப்பாக அமைந்தது என்று அறிஞர் கருதுகின்றனர். குட்டியுள்ள தாய்க்கு இவ்வியல்பு மேலும் மிகுதி. குட்டிகள் பல மாதங்கள் தாயின் முதுகுச் சடையைப் பற்றிக்கொண்டு பயணம் செய்யும். அந்நிலையில் தாயால் வேகமாக விலகிச் செல்லவும் முடியாது.

ஆகவே, வெளியில் நடப்பவர் செய்ய வேண்டியது கரடி திடுக்கிடாமல் பார்த்துக்கொள்வதாகும். வீட்டில் மணத்தை மறைக்கிறோம். வழியில் நம்மை மறைக்கலாகாது. அதிகாலையிலும் அந்திக்குப் பின்னும் தனியே செல்வதைத் தவிர்க்க வேண்டும். செல்ல நேர்ந்தால் இருவர் மூவராக, உரக்கப் பேசிக்கொண்டு செல்லலாம், தடியால் தரையைத் தட்டலாம், கைவிளக்கு ஏந்தலாம். காதில் ஒலிக்கருவியைச் செருகிக்கொண்டு தோட்டப் பாதையில் நடப்பவர் தம் காதையும் அடைக்கிறார், கரடிக்கும் எச்சரிக்கை தராமல் போகிறார். கொழுந்து பறிக்க இறங்குமுன் பாத்தியைப் பார்த்துச் சிறிது ஓசை எழுப்புவது நல்லது. விறகுக்குச் செல்வோர் நாயைத் துணைக்கு அழைத்துச் செல்வதுண்டு. நாய் குரைத்துச் சீண்டிவிட்டுத் தன் உரிமையாளரிடமே ஓடிவரும். துரத்தும் கரடியும் பின்னாலேயே வரும். புதிதாகத் தோண்டப்பட்ட புற்றையோ உறிஞ்சும் ஓசையையோ அறிந்தால் வந்த வழியே திரும்புவதே சிறப்பு. தொலைவில் கரடி தெரிந்தால் ஓடாமல், அதற்குப் புறங்காட்டாமல், மெல்லப் பின்வாங்கி வழிவிட வேண்டும். மரம் ஏறுவதால் பயனில்லை. தேனடைக்காக உயரமான மரங்களில் ஏறிப் பழகியது அது.

இரு நண்பர்களும் கரடியும் என்னும் கதையை நாம் அனைவரும் தொடக்கப் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். ஈசாப்பு கதைகளுள் ஒன்றாகிய அதில், ஒருவன் மரமேறிவிட, மற்றவன் மூச்சை அடக்கிப் பிணம்போல் கிடந்து தப்புகிறான். நட்பின் இலக்கணத்தைக் கற்பிக்க அக்கதை போதும். உயிர்காக்கும் பாடமாக அதனை அப்படியே கொள்ள முடியாது. தேன்கரடி தாக்கும்போது பெரும்பாலும் தலையும் முகமுமே சிதைகின்றன. கண்ணையோ தாடையையோ இழந்து உயிர் பிழைத்தவர்கள் பலர். எனவே, கரடி மேலே பாய்ந்துவிட்ட நிலையில் முகம் தரையைப் பார்க்கக் குப்புறப் படுத்து, விரல்களைக் கோத்துப் பிடரியை மூடி, முழங்கைகளால் முகத்தின் பக்கங்களை அணைத்துக்கொண்டு அசையாமல் இருக்க வேண்டும் என்று கரடியை அறிந்தோர் கூறுவர். முதுகில் பை இருந்தால் அதனைக் கழற்றக் கூடாது. அதுவும் ஒரு கவசமே. தன்னைத் தாக்க வந்தது அடங்கிவிட்டது என்று கண்டால் கரடி பெரும்பாலும் விலகிவிடும். அது முற்றிலும் அகன்ற பின்னரே எழ வேண்டும். கதையின் மையம் மூச்சில் இல்லை, முகத்தைக் காக்கும் கிடையில் இருக்கிறது. அமெரிக்கக் கருங்கரடி தாக்கினால் படுக்காமல் எதிர்த்துப் போராடுமாறு அந்நாட்டு வனத்துறையினர் அறிவுறுத்துகின்றனர். கைப்பேசிக் காணொளியில் அதைக் கண்டு நம் காட்டிலும் அவ்வாறே செய்ய முனைவது தவறாக முடியும். கரடிக்குக் கரடி இயல்பு வேறு.

காயம்பட்டவருக்குத் தூய துணியால் அழுத்திக் குருதியை நிறுத்தி, 108 ஊர்தியை அழைத்து, விரைவாக மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். காட்டு விலங்கின் கடியாதலால் வெறிநாய்க்கடித் தடுப்பு மருந்தும் தேவைப்படும். தையல் போட்டதோடு வீடு திரும்பிவிடலாகாது.

2022 நவம்பரில் தென்காசி மாவட்டம் கடையம் அருகே நடந்ததை இங்கே எண்ணிப் பார்க்கலாம். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரம் அது. இருசக்கர வண்டியில் சென்ற மசாலைப் பொருள் வணிகர் ஒருவரைச் சாலையில் கரடி தாக்கியது. அவரைக் காக்கச் சென்றவர்களுள் இருவரும் கடுமையான காயம் அடைந்தனர். வனத்துறையினர் மயக்க ஊசி செலுத்தி அதைப் பிடித்துக் காட்டில் விட்டனர். பின்னர் அக்கரடியும் இறந்துபோனது. காக்க ஓடியவர்களின் துணிவைக் குறைத்துச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. எனினும், கரடியை நாற்புறமும் சூழ்ந்து கல்லெறிந்தால் அதற்குத் தப்ப வழியின்றிப் போகிறது; எந்தப் பக்கம் பாய்ந்தாலும் அங்கே ஒரு மனிதர் நிற்கிறார். தொலைவிலிருந்து கூட்டாகப் பேரோசை எழுப்பி, காட்டை நோக்கிய பக்கத்தைத் திறந்துவிட்டு, வனத்துறைக்குத் தெரிவிப்பதே மனிதர்க்கும் விலங்குக்கும் ஏற்றது. ஊருக்குள் வந்த கரடியைக் கைப்பேசியில் படம்பிடிக்கக் கூடும் கூட்டத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை.

சட்டம் சொல்வதையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் தேன்கரடி முதல் பட்டியலில் வைக்கப்பட்டுள்ளது. அதனைப் பிடிக்கவோ கொல்லவோ தனிமனிதர்க்கு உரிமையில்லை. மனித உயிருக்கு ஆபத்தாகிவிட்ட ஒரு விலங்கைக் குறித்து ஆணையிடும் அதிகாரம் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கே உண்டு. ஆனால், உயிருக்குப் போராடும் நேரத்தில் நல்லெண்ணத்துடன் தற்காத்துக்கொள்வதை அதே சட்டம் குற்றமாகக் கருதவில்லை. வேலியில் மின்சாரம் பாய்ச்சுவதும், சுருக்குக் கம்பி வைப்பதும், அவுட்டுக்காய் என்னும் நாட்டுவெடியைப் பழத்தில் மறைப்பதும் தற்காப்பில் சேரா. அவற்றில் கரடி மட்டும் சிக்குவதில்லை. மாடும், வேலி தாண்டிய மனிதரும் சிக்குவர்.

இனி, கூத்தாநல்லூர் மாணவர் ஒருவர், எங்கள் ஊரில் கரடியே இல்லையே என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அங்கே கரடி இல்லை, பாம்பு உண்டு. அறுவடை முடிந்து நெல்மூட்டை வீட்டுக்கு வந்தால், நெல்லைத் தேடி எலி வரும். எலியைத் தேடி நல்லபாம்பு வரும். இருட்டில் விளக்கின்றி வரப்பில் நடப்பவரின் கால் அதன்மேல் படுகிறது. திடுக்கிட்ட பாம்பு கடிக்கிறது. வீட்டுக்கு வருவது உணவுக்காக, தாக்குவது திடுக்கிட்டதனால் என்னும் இரட்டைக் கணக்கு அங்கும் மாறவில்லை. நீலகிரியில் எண்ணெய்க் குடத்தை இறுக மூடும் கையும், தஞ்சைத் தரணியில் நெற்குதிரின் அடியை எலி புகாதபடி பூசும் கையும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன.

சத்தீசுகர் மாநிலத்தில் குஞ்சாப்பாலி என்னும் சிற்றூர் உள்ளது. அங்குள்ள சண்டி தேவி கோவிலுக்கு மாலைப் பூசை வேளையில் காட்டுக் கரடிகள் வந்து, படையலை உண்டு திரும்புகின்றன. அதைக் காணவே வெளியூரிலிருந்து மக்கள் செல்கின்றனர். சிலர் கையால் ஊட்டவும் செய்கின்றனர். கேட்பதற்கு இனிய செய்தியாகத் தோன்றும். ஆனால், மனிதரிடம் அச்சம் நீங்கி, கையை உணவாகவே பார்க்கப் பழகிவிட்ட கரடி, படையல் இல்லாத ஒருநாளில் அடுத்த வீட்டின் கதவைத்தான் தட்டும்.

கற்பவை கற்றபின்

1. எண்கு, உளியம், குரும்பி, இருப்பை ஆகிய சொற்கள் இடம்பெறும் சங்கப்பாடல்களைத் தேடி, அவற்றில் கூறப்படும் விலங்கின் செயல்களை இக்கட்டுரைச் செய்திகளோடு ஒப்பிட்டு எழுதுக.

2. ‘சிவபூசையில் கரடி’ என்னும் வழக்குக்கு உங்கள் வீட்டிலும் ஊரிலும் உள்ள மூத்தோர் தரும் விளக்கங்களைக் கேட்டுத் தொகுத்து, வகுப்பில் கலந்துரையாடுக.

3. உங்கள் பள்ளிச் சத்துணவுக் கூடத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் பார்வையிட்டு, எந்தெந்த உயிரினங்களை எவ்வெவை ஈர்க்கின்றன எனக் குறிப்பெடுத்துத் தலைமையாசிரியருக்கு ஓர் அறிக்கை அளிக்க.